கடலோர வெயிலில் கிரெஸ்டட் கெக்கோ தொட்டி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் நண்பர்கள், உறவினர்கள் வீடுகளில் உள்ள கெக்கோ தொட்டிகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து சரிசெய்து வருகிறேன். அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது: "அண்ணே, பல்லி அசையாமக் கிடக்கு, ஒரு எட்டு வந்து பாருங்க." போய்ப் பார்த்தால், தொட்டி சூடாகியிருக்கும்; இல்லையென்றால் நனைந்த தொட்டி நாள்கணக்கில் காயாமல் இருக்கும். மற்ற பழுதுகளில் பலவும் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவையே.

கிரெஸ்டட் கெக்கோவின் சொந்த ஊர், பசிபிக் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட நியூ கலிடோனியா. 1866-இல் அறிவியல் பெயர் பெற்று, பின்னர் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1994-இல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பல்லி, மிதமான வெப்பமுள்ள ஈரக்காட்டில் வாழ்வது. இதற்கான வளர்ப்பு வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொட்டியை எப்படிச் சூடாக்குவது, எப்படி ஈரமாக வைப்பது என்பதையே அவை விரிவாகச் சொல்லித்தருகின்றன. நம் கரையில் வேலை தலைகீழானது. இங்கே குளிர்விக்கவும் உலர்த்தவும் கற்றுக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாத இரவுகளில்கூட நம் வீட்டுக்குள் இந்தப் பல்லிக்குச் சூடேற்றும் விளக்கோ பாயோ தேவைப்பட்டு நான் கண்டதில்லை. வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றிவிடலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒன்றாகக் காட்டும் டிஜிட்டல் மானி இரண்டு, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். கண்ணாடியில் ஒட்டும் முள் வைத்த வட்ட மானிகளை நம்ப வேண்டாம். டிஜிட்டல் மானியையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல் ஆகும் அளவுக்குச் சில துளிகள் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு வைத்தால், காலையில் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 68 என்று காட்டினால் அந்த மானி ஏழு குறைத்துச் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மானியின் உணரி தொங்க வேண்டிய இடம், பல்லி பகலில் தூங்கும் உயரம். மூடியில் ஒட்டினால் விளக்கின் சூட்டையும், தரையில் வைத்தால் மண்ணின் குளிர்ச்சியையும் அளப்பதாகிவிடும்.

சரியாக இருக்கும் தொட்டியில் வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இரவில் தண்ணீர் தெளித்தவுடன் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் ஏறி, மறுநாள் பகலில் 50, 60-க்கு இறங்கும். வளர்ந்த பல்லிக்குத் தொட்டி குறைந்தது 45 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். வளர்ந்த பல்லியின் எடை பொதுவாக 35 முதல் 50 கிராமுக்குள் இருக்கும்.

அறிகுறி 1: தொட்டிக்குள் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டுகிறது

*பல்லி வழக்கம்போல் இருக்கிறது, எண் மட்டுமே ஏறுகிறது*

முதலில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மானியைப் பாருங்கள். ஓரிரு டிகிரி இறங்கினால் குற்றவாளி விளக்குதான். செடிக்காகப் போட்டிருக்கும் எல்இடி விளக்கும் சூடாகும். அதன் அடாப்டரை மூடியின் மேல் வைத்திருந்தால் இன்னும் மோசம். கோடையில் விளக்கை விடியற்காலை முதல் முற்பகல் வரை எரியவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அணைத்துவிடுங்கள். மணிபிளாண்ட் அதற்கெல்லாம் வாடிவிடாது.

விளக்கை அணைத்தும் இறங்கவில்லை என்றால் தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். மேற்குச் சுவரில் பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் விவரம் புரிந்துவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். லாஸ்பேட்டையில் ஒரு தம்பி இரண்டாவது மாடி அறையில் தொட்டியை வைத்துவிட்டு, வெப்பத்தைக் குறைக்க ஐந்து மாதங்களாக ஒவ்வொரு பொருளாக வாங்கிக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் அவருடைய பாட்டியின் அறைக்குத் தொட்டியை இறக்கியதும் நான்கு டிகிரி குறைந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஆகவே எதையும் வாங்கும் முன், மானியை எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வோர் அறையிலும் பிற்பகலில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்து, ஆகக் குளிர்ந்த மூலையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்துத் தரைத்தள அறையாக இருக்கும்.

இங்கே ஒரு தவற்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சூடாக இருக்கிறதே என்று தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தர வேண்டுமானால் சுற்றிலும் உள்ள காற்று உலர்ந்திருக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் கோடையிலும் ஈரம் நிறைந்திருப்பதால், 33 டிகிரியில் தெளித்த தண்ணீர் தொட்டியை இட்லிப் பானையாக்குமே ஒழியக் குளிர்விக்காது. தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரும் இதே காரணத்தால் இங்கே உதவுவதில்லை; சேலத்திலோ மதுரையிலோ பயன் தந்தது என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த ஊர்க் காற்று வேறு.

அடுத்த படி, உறைய வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால், அதைத் தொட்டியின் மேல் வலை மூடியில் ஒரு தட்டில் கிடத்த வேண்டும். பாட்டிலில் வியர்க்கும் தண்ணீர் தட்டில் தேங்கட்டும், உள்ளே சொட்ட வேண்டாம். தொட்டியின் மூன்று பக்கங்களிலும் தெர்மகோல் தகடு நிறுத்தினால் குளிர்ச்சி சற்று நேரம் தங்கும். இரண்டு பாட்டில்களை மாற்றி மாற்றி வைத்து ஒரு கத்திரி வெயில் பிற்பகலைக் கடத்திவிடலாம். ஒரு கோடை முழுவதையும் கடத்த முடியாது.

இவற்றுக்குப் பிறகும் மே மாதத்தில் நாள்தோறும் 29, 30 என்று காட்டும் வீட்டில், ஏசி உள்ள அறை ஒன்றே வழி. இந்த வார்த்தையை நான் எளிதில் சொல்வதில்லை, ஏனென்றால் மின்கட்டணம் மாதாமாதம் வரும். ஆனாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரை தொட்டியை ஏசி அறையில் வைக்க வாய்ப்பில்லாத வீட்டுக்கு இந்தப் பல்லியை வாங்க வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஏசியை 25-இல் வைத்தால் போதும். காற்று நேராகத் தொட்டியின் மேல் வீசக் கூடாது.

*பல்லி தரையில் கிடக்கிறது, வாய் திறந்திருக்கிறது, தூக்கினால் துவள்கிறது*

இது அவசர நிலை. வெப்பம் 30-ஐத் தாண்டிச் சில மணி நேரம் நீடித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. மரக்கிளையை விட்டு இறங்கி, பகல் வெளிச்சத்தில், தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்திலோ கண்ணாடியின் அடியிலோ வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடப்பதுதான் முதல் அடையாளம்.

வீட்டின் ஆகக் குளிர்ந்த அறைக்கு உடனே எடுத்துச் செல்லுங்கள். காற்றுத் துளையுள்ள டப்பாவில் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை விரித்து, அதன் மேல் பல்லியை விடுங்கள். ஐஸ் கட்டியை உடலில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம். சூட்டில் தளர்ந்த உடலைத் திடீரென்று குளிர்விப்பது இன்னொரு அடி. தலையைத் தானாக உயர்த்திய பிறகு மூக்கின் நுனியில் ஒரு துளி தண்ணீர் வைத்தால் நக்கிக்கொள்ளும். அதற்கு முன் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

அரை மணி நேரத்தில் நிமிர்ந்து விரல்களால் பற்றத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் புறப்படுங்கள். நிமிர்ந்துவிட்டாலும் அடுத்த மூன்று நாள்கள் எடையையும் மலத்தையும் குறித்து வையுங்கள்.

*மின்சாரம் நின்றுவிட்டது*

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோதும் இருளில் கிடந்த நினைவு எல்லோருக்கும் இருப்பதால், புயல் எச்சரிக்கை வந்தவுடன் பல்லி வளர்ப்பவர்கள் பதறுகிறார்கள். உண்மையில் கார்த்திகை, மார்கழியில் மின்சாரம் இல்லாத வீட்டின் வெப்பம் இந்தப் பல்லி தாங்கக்கூடியதுதான். வெள்ளம் எட்டாத உயரத்தில் தொட்டியை வைத்து, இந்தப் பல்லிக்கென்றே விற்கும் உணவுப் பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். கொல்லக்கூடியது சித்திரை, வைகாசியில் வரும் இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டு. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாளில், ஏசி நின்ற மூடிய அறை வேகமாகச் சூடேறும். அந்த மாதங்களில் ஃப்ரீசரில் இரண்டு பாட்டில்கள் எப்போதும் உறைந்தே இருக்கட்டும். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவியோடு இந்தச் செய்தியையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அறிகுறி 2: கண்ணாடி காயவே இல்லை, பூஞ்சை பூக்கிறது, தொட்டி நாறுகிறது

ஐப்பசி பிறந்தவுடன் வரும் பழுது இது. முதல் சோதனை எளியது: இரவு தெளித்த தண்ணீர் மறுநாள் நண்பகலுக்குள் கண்ணாடியிலிருந்தும் இலைகளிலிருந்தும் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை என்றால் தெளிப்பதைக் குறையுங்கள். வெளியே மழை கொட்டி அறையின் ஈரப்பதமே 85 சதவீதம் இருக்கும் வாரத்தில், பல்லி நக்கிக் குடிக்க இரவில் இலைகளின் மேல் நான்கைந்து முறை தெளித்தால் போதும். கண்ணாடி முழுவதையும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. காலைத் தெளிப்பை அடியோடு நிறுத்திவிடலாம். தானியங்கித் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் கோடைக்கு வைத்த நேர அளவை மாற்ற மறந்துவிடுகிறார்கள். நான் பார்த்த நாறிய தொட்டிகள் சிலவற்றில் வேறு குற்றமே இல்லை.

அடுத்து, அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். கையில் ஈரம் ஒட்டி, உருண்டை உடையாமல் நின்றால் சரி. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் அது மண்ணில்லை, சேறு. மேல் மண்ணைக் கிளறி ஒரு வாரம் உலர விடுங்கள். அப்போதும் அடியில் புளித்த வாடை அடித்தால், மண்ணை முழுவதும் வெளியேற்றிப் புதிய தேங்காய் நார்த்தூளைப் போடுவதே நேர்வழி. அடியில் இரண்டு அங்குலம் களிமண் உருண்டையோ சிறு கூழாங்கல்லோ பரப்பி, அதன் மேல் கொசுவலைத் துணி விரித்து, பிறகு நார்த்தூளைப் போட்டால் மிஞ்சிய தண்ணீர் கீழே வடிந்துவிடும். குட்டிப் பல்லிக்கும் புதிதாக வந்த பல்லிக்கும் இந்த மண் எதுவும் வேண்டாம், காகிதத் துண்டு போதும். மலம் கண்ணில் படும். பூச்சியைத் துரத்தும்போது மண்ணை விழுங்கும் ஆபத்தும் இல்லை.

புதிய மரக்கட்டையில் முதல் சில வாரங்களில் வெள்ளைப் பஞ்சு போல் வருவது பொதுவாகத் தீங்கற்றது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தால் அடங்கிவிடும். அதே பூஞ்சை உணவுத் தட்டைச் சுற்றியும் மலத்தின் மேலும் வந்தால், சுத்தம் செய்வதில் இடைவெளி விழுந்துவிட்டது என்று பொருள்.

இவையெல்லாம் செய்தும் காயவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை. வலை மூடியின் மேல் கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு, யூஎஸ்பி-யில் ஓடும் சிறிய மின்விசிறி ஒன்றை உள்காற்றை வெளியே இழுக்கும்படி மூடியில் வைத்து, பகலில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். நான் செலவு செய்யச் சொல்லும் பொருள்களில் இந்தச் சிறு விசிறிக்கு முதலிடம் தருவேன்.

பல்லியின் மூக்கோரத்தில் நுரையோ சளியோ தெரிந்தாலும், மூச்சு விடும்போது கிளிக் என்ற ஒலி கேட்டாலும், அது தொட்டியின் பழுது என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணாடியில் வெள்ளைக் கறை படிந்தால் அது பூஞ்சையன்று, நம் போர்வெல் தண்ணீரின் உப்பு. வினிகர் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைக்கலாம். தெளிப்பதற்கு ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்தினால் தெளிப்பானின் துளையும் அடைக்காது.

அறிகுறி 3: தோல் முழுவதும் உரியவில்லை

உரித்த தோலை இந்தப் பல்லி தானே தின்றுவிடும். ஆகவே தோல் கண்ணில் படவில்லை என்று கவலைப்பட வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்கள் விரல் நுனிகளும் வால் நுனியும் கண்ணோரமும்தான். விரலைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் போல் பழைய தோல் நின்றுவிட்டால், அது காய்ந்து இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலையே இழக்கச் செய்யும்.

நம் ஊரில் இந்தப் பழுது ஏசி அறைத் தொட்டிகளில்தான் அதிகம். வெளியே ஈரம் சொட்டினாலும், ஏசி அறைக்குள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் மானியைப் பாருங்கள். இரவு முழுவதும் 60-ஐத் தாண்டவில்லை என்றால், இரவுத் தெளிப்பைக் கூட்டி, ஈரப்பாசி நிரப்பிய சிறு டப்பா ஒன்றை ஒளிவிடமாக வையுங்கள். உரசித் தோலைக் கழற்ற, சொரசொரப்பான மரப்பட்டை ஒன்றும் தொட்டியில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒட்டிய தோலுக்கு: மூடியுள்ள டப்பாவில் காற்றுத் துளையிட்டு, அறை வெப்பத் தண்ணீரில் நனைத்த காகிதத் துண்டைப் போட்டு, பல்லியை இருபது நிமிடம் விடுங்கள். வெந்நீர் கூடாது. பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, விரலின் அடியிலிருந்து நுனியை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். சிறு மோதிரம் கழல்வது போல் அந்த வளையம் கழன்று பஞ்சில் ஒட்டிக்கொள்ளும்; அதன் கீழே விரல் இளஞ்சிவப்பாக இருந்தால் பிழைத்தது. வரவில்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். நகத்தால் கிள்ளி இழுக்க வேண்டாம். விரல் வீங்கினாலோ கறுத்தாலோ, கண்ணின் மேல் தோல் ஒட்டியிருந்தாலோ நீங்கள் கைவைக்காமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 4: உணவைத் தொடவில்லை

*தட்டு குறையவில்லை, ஆனால் எடை குறையவில்லை*

இது பெரும்பாலும் பழுதே இல்லை. பல்லி இரவில் நக்கித்தான் சாப்பிடும். வளர்ந்த பல்லி ஓர் இரவில் சாப்பிடுவது மிகக் கொஞ்சம். உணவின் மேற்பரப்பை ஸ்பூனால் வழித்துச் சமமாக்கி வைத்து, காலையில் நாக்குத் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக வாங்கி வந்த பல்லி இரண்டு வாரம் வரை சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம். அந்த நாள்களில் அதைக் கையில் எடுக்காமல் விட்டுவிடுவதே மருந்து.

*எடையும் குறைகிறது*

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். 28-க்கு மேல் இருந்தால் பசி இருக்காது. அடுத்து உணவை முகர்ந்து பாருங்கள். ஒரு பங்குப் பொடிக்கு இரண்டு பங்குத் தண்ணீர் விட்டு, இட்லி மாவை விடச் சற்றுத் தளர்ந்த பதத்தில் கரைக்கும் இந்த உணவு, குளிர்நாட்டில் ஒரு நாளுக்கு மேலும் தாங்கலாம். நம் ஊரில், அதுவும் ஏசி இல்லாத அறையில், விடிவதற்குள் புளித்துவிடும். மாலை இருட்டிய பிறகு வைத்துக் காலையில் எடுத்துவிட வேண்டும். பொடியே கட்டியாகி வாடை மாறியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். திறந்த பொட்டலத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அக்கறையோடு செய்யும் ஒரு தவறும் உண்டு. பொடி விலை கூடியது, கிடைப்பதும் அரிது என்பதால், வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் மட்டுமே மசித்து மாதக்கணக்கில் கொடுப்பார்கள். பல்லி ஆசையாக நக்கும். அதில் கால்சியமும் புரதமும் போதாமல் உள்ளுக்குள் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். பழம் எப்போதாவது தொட்டுக்கொள்வதற்கு மட்டுமே. பாலும் தயிரும் வேண்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை, கால்சியம் பொடியில் புரட்டிய சுவர்க்கோழிப் பூச்சி கொடுக்கலாம். அதன் நீளம் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், அதில் மருந்து இருக்கலாம்.

ஒரே தொட்டியில் இரண்டு இருந்தால் பிரித்து வையுங்கள். ஆண்கள் இரண்டும் கடித்துக்கொள்ளும். பெண்கள் இரண்டிலும் ஒன்று தட்டைக் காவல் காத்து மற்றொன்றைப் பட்டினி போடுவது உண்டு.

வாரம் ஒருமுறை எடுத்த எடைகளில், உச்ச எடையிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மலம் தொடர்ந்து நீர்த்து நாற்றமடித்தாலோ, வயிற்றுப் புழு பார்க்க மலச் சோதனை தேவை. மனிதருக்குத் தரும் புழு மருந்தை அளவு ஊகித்துக் கொடுத்துவிடாதீர்கள். பெண் பல்லி வயிறு பருத்து, மண்ணைத் தோண்டியபடி சாப்பிடாமல் இருந்தால் முட்டையிடும் வேளையாக இருக்கலாம். ஈரமான நார்த்தூள் நிரப்பிய டப்பாவை வையுங்கள். தோண்டித் தோண்டியும் இடாமல் சோர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி 5: உடல் நடுங்குகிறது

*ஒரே மாலையில் திடீரென்று தொடங்கியது*

அன்று வீட்டில் என்ன தெளித்தார்கள் என்று கேளுங்கள். எறும்பு சாக்பீஸ், கரப்பான் ஸ்பிரே, கொசுவர்த்தி, சுவரில் சொருகும் கொசு மருந்து, மழைக்காலத்தில் தெருவில் அடிக்கும் கொசு மருந்துப் புகை ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். பல்லியைப் புகையில்லாத அறைக்கு மாற்றி, தண்ணீர்க் கிண்ணத்தையும் உணவையும் கொட்டி, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். புகை வண்டியின் சத்தம் கேட்டவுடன் ஜன்னலை மூடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும். சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம்.

"அப்படின்னா எறும்பை என்ன பண்றது அக்கா?" என்று என் மனைவியிடம் ஒரு பெண் கேட்டாள். கேள்வி நியாயமானது, ஏனென்றால் இனிப்பான அந்த உணவுக்கு எறும்பு நிச்சயம் வரும்; தூங்கும் பல்லியையும் கடிக்கும். எங்கள் வீட்டில் பழைய சாப்பாட்டு அலமாரிக்குச் செய்ததையே தொட்டி மேசைக்கும் செய்திருக்கிறோம்: நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர் நிரப்பிய கிண்ணங்கள். மேசை சுவரைத் தொடக் கூடாது, மின்கம்பி தரையிலிருந்து நேராக ஏறக் கூடாது. கிண்ணத் தண்ணீரில் கொசு முட்டையிடும் என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

*சில வாரங்களாக மெல்ல மெல்லக் கூடியது*

கால்கள் வளைவது, வால் அலை அலையாக நெளிந்து நிற்பது, கீழ்த்தாடை மென்மையாகி வாய் சரியாக மூடாதது, பிடி தளர்ந்து கிளையிலிருந்து விழுவது ஆகியவை கால்சியம் குறைவின் அடையாளங்கள். வாயைத் திறக்கும்போது மேல் அண்ணத்தின் இருபுறமும் தெரியும் வெள்ளைப் பைகள் கால்சியச் சேமிப்பு. அவை சுருங்கியோ காணாமலோ இருந்தால் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. உணவைச் சரிசெய்வதும் மிதமான யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு போடுவதும் இனிமேல் வராமல் தடுக்கத்தான் உதவும். நடுக்கம் வந்த பிறகு வீட்டு வைத்தியம் இல்லை.

அறிகுறி 6: வால் உதிர்ந்துவிட்டது அல்லது ஒரு பக்கம் சாய்கிறது

உதிர்ந்த வால் இந்த இனத்தில் மறுபடி முளைக்காது. வேறு தீங்கும் இல்லை. காட்டில் வளர்ந்த பல்லிகள் பெரும்பாலும் வாலில்லாமல்தான் காணப்படுகின்றன. மண்ணை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு விரித்து, ஒரு வாரம் தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்தால் புண் தானே மூடும். மஞ்சள் பூச வேண்டாம். காயத்தில் சீழோ வீக்கமோ வந்தால் மட்டும் காட்டுங்கள்.

கண்ணாடியில் தலைகீழாகத் தூங்கும்போது வால் முதுகின் மேலோ பக்கவாட்டிலோ மடிந்து விழுந்தால், படுக்க இடம் போதவில்லை என்று பொருள். தொட்டியின் மேல்பாதியில் பல்லியின் உடல் பருமனுள்ள கிளைகளைக் கிடையாகவும் சாய்வாகவும் பொருத்தி, அகன்ற இலைகளால் மறைவு கொடுங்கள். வாலின் அடி எலும்பே திரும்பியிருந்தால் மருத்துவர் பார்க்கட்டும்.

மருத்துவரிடம் கொண்டு போகும்போது

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை என்பதால், பல்லி நன்றாக இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டு ஓர் இடத்தை முடிவு செய்து வையுங்கள். புதுச்சேரியில் குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூரிலிருந்து சென்னை செல்வதென்றால் விடியும் முன் புறப்பட வேண்டும்.

காற்றுத் துளையிட்ட சிறு டப்பாவில் ஈரக் காகிதத் துண்டோடு பல்லியை வைத்து, அந்த டப்பாவைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, துண்டில் சுற்றிய உறைந்த பாட்டிலை டப்பாவைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். பெட்டியின் மூடியிலும் காற்றுத் துளைகள் வேண்டும். உணரியை உள்ளே விட்டு மானியை வெளியே வைத்தால், வழியில் மூடியைத் திறக்காமலே வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பேட்டையும், தொட்டியை முழுவதுமாகக் காட்டும் படம் ஒன்றையும், பயன்படுத்தும் உணவுப் பொடியின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். மல மாதிரி அன்றையதாக இருக்க வேண்டும். முந்தைய இரவு கிடைத்தது என்றால் சிறு டப்பாவில் மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

பின்துளையில் சிவந்த சதை வெளியே தள்ளி நின்றால் மட்டும் புறப்படும் முன் ஒரு வேலை செய்ய வேண்டும். ஆறிய தண்ணீரில் சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்து, அதில் நனைத்த பஞ்சை அந்தச் சதையின் மேல் வைத்துக்கொண்டே போங்கள். காய்ந்துவிட்டால் அந்தச் சதை அழுகிவிடும். ஈரமாகவே கொண்டு சேர்த்தால் மருத்துவர் உள்ளே தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது.